சூரியனை மறைத்த மூன்று மாடி

இன்று காலை வாசலில் இருந்தவர்கள்: நான், பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்கா, எதிரே மூன்று மாடி எழுப்பும் மேஸ்திரி.

ஞாயிற்றுக்கிழமை சூரியனைக் கண்ட பிறகே தண்ணீர் குடிப்பது என் விரதம். முன்பு ஏழு மணிக்குத் தெரிந்தவர், சுவர் உயர்ந்தபின் பத்தரைக்குத்தான் தெரிகிறார். இன்று தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன்.

"சுவருக்குப் பின்னாலதான் இருக்காரு, பார்த்ததா வச்சுக்கங்க அக்கா," என்றார் மேஸ்திரி.

"உன் சோறும் பானையிலதான் இருக்கு தம்பி, தின்னதா வச்சுக்க," என்றார் பாத்திமா அக்கா.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "பன்னெண்டு குடும்பம் தங்க இடம் வேணுமே அக்கா. அதுல என் குடும்பமும் ஒண்ணு."



விரதத்தை விடவும் மனமில்லை, கட்டடம் மறைக்காத துறைமுகம் வரை நடந்துபோய்ச் சூரியனைப் பார்த்துவரத் தெம்புமில்லை. விரதமிருக்கும் தோழிகள் என்ன செய்கிறீர்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.