படம் வரையாத முக்கோணம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், கணிதத்தைக் கழுத்தை நெரித்துக் கொல்வதற்கென்றே ஒரு தகரக்கூரை வீடு இருந்தது. ஹாங்காங் போய் எஞ்சினியர் பட்டம் படிக்க வேண்டுமானால் முதலில் நுழைவுப் பரீட்சையில் கணிதம் தேற வேண்டும். அதற்கு எங்களைத் தயார் செய்தவர், மெட்ராஸில் பாதி பி.ஏ. படித்து, படித்த பாதியையும் கடலில் கொட்டிவிட்டு வந்த ஒரு வாத்தியார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் எஞ்சின் ஷெட்டு ஃபிட்டரின் மகன். தேறாவிட்டால் எனக்கும் அதே ஷெட்டு, அதே கரி.

வாத்தியாரின் முறை எளிது. சூத்திரங்களை ராகம் போட்டுப் பாட வேண்டும். "சைன் ஏ காஸ் பி" என்று ஐந்து தடியன்கள் இழுப்போம். அவர் தொடையில் தாளம் தட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாள் பஜனை என்று நினைத்துச் சுண்டல் கொடுத்தனுப்பினாள். வாத்தியார் வெட்கமில்லாமல் தின்றார்.

ஒருநாள் கேட்டேன்: "சார், இந்த முக்கோணத்த ஒரு தடவ வரைஞ்சு பாக்கலாமா?"

"ஏன், கோயில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போறியா? பாடுடா!"

மழை தகரத்தில் கொட்டும். சிங்கப்பூர் மெயில் வீட்டை உலுக்கிக்கொண்டு போகும். பாடுவோம், பாடுவோம், மூளை வழுக்கையாகும் வரை.

பரீட்சையில் ஒரு குன்று வந்தது. இரண்டு இடங்களிலிருந்து உச்சியைப் பார்த்த கோணங்களைக் கொடுத்து, உயரம் கேட்டிருந்தார்கள். பாட்டு எனக்குள் பிசகாமல் ஓடியது. குன்று எங்கே நிற்கிறது என்றுதான் தெரியவில்லை. ஐவரும் தோற்றோம்.

அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி வாத்தியார் முன் நின்றார்.

"ஒங்க பையன் யோசிக்கிறான்யா. அதான் கெட்டுட்டான். இன்னும் ஒரு வருஷம் விடுங்க, சரிபண்ணிடறேன்."

அப்பா தலையாட்டினார். தெருவுக்கு வந்ததும் சொன்னேன்: "இனிமே அங்க போகமாட்டேன்பா. நானே படிச்சுக்கிறேன்."

"பி.ஏ. படிச்சவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ?"

"பாதி பி.ஏ.பா."

"ஒரே ஒரு தடவ. அப்புறம் ஷெட்டுதான்."

அந்த வருஷம் சிக்னல் கம்பம், கிள்ளான் ஆற்றுப் பாலம், எதைக் கண்டாலும் கரித்துண்டால் சிமென்ட் தரையில் கோடு கிழித்தேன். கிழித்தேன், அழித்தேன், மறுபடி கிழித்தேன். எந்தக் கோட்டுக்கு எந்தச் சூத்திரம் என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது.

தேறினேன். கப்பலேறும் வாரம் அந்த வீட்டைக் கடந்தபோது வாசலில் புதுப் பலகை பளபளத்தது. மேலே அவர் பெயர். கீழே, "எம்மிடம் பயின்று ஹாங்காங் செல்பவர்" என்று என் பெயர். உள்ளே புதுக் கூட்டம், உட்கார இடமில்லாமல் ஜன்னல் வரை நெருக்கியடித்து நின்றது.