எலுமிச்சம்பழத்தை வெட்டாத வாள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புது எலெக்ட்ரிக் வண்டிக்குக் கோயிலில் பூஜை போட்டோம். இந்தக் கலிபோர்னியா ஃப்ரீமான்ட்டில் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பாதி உள்ளே போகிறது, மீதி பார்க்கிங் லாட்டில் வண்டியோடு வரிசையில் நிற்கிறது. குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு என் கணவரிடம், "சார், அது தானா ஓடறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். இப்ப நீங்களே பிடிச்சு மெதுவா எடுங்கோ" என்றார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பழம் நசுங்கி அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. துப்பட்டாவை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. பின்சீட்டில் இருந்த என் மகள் கண்ணாடியை இறக்கி, "அம்மா, வாட் இஸ் ராங் வித் யூ?" என்றாள்.

ஒன்றும் இல்லை, கோகிலாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவளும் நானும் ஒரு ஜப்பானிய வாளை வைத்து ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டப் பார்த்தோம். உங்களிடம் சொல்வதற்கென்ன, முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். மவ்ரி அவென்யூவுக்குப் பக்கத்தில் ஓர் அப்பார்ட்மென்ட்டில் நாங்கள் மாடியில், கோகிலா எங்களுக்குக் கீழே. கோபிசெட்டிபாளையத்துக்காரி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஒரு சாண் குட்டை. எந்த மொழியில் பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' போடாவிட்டால் அவளுக்கு மரியாதைக் குறைவாகப் படும். கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினாலும் 'யெஸ்ங்க'தான், 'நோங்க'தான். எங்கள் இருவருக்கும் டிபென்டென்ட் விசா, வேலை பார்க்க அனுமதி கிடையாது. படித்த படிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர்கள். வீட்டு ஒப்பந்தம், கரன்ட் பில், பேங்க் கடிதம் எல்லாவற்றிலும் கணவர் பெயர் முதலில், எங்கள் பெயர் இருந்தால் கீழே. லைப்ரரி கார்டில் மட்டும் என் பெயர் தனியாக இருந்தது. அதையும் அவர்தான் பர்ஸில் வைத்திருந்தார்.

"நம்ம பேரு மட்டும் போட்டு ஒரே ஒரு காயிதமாச்சும் இந்த ஊர்ல வாங்கிப்போடோணுங்க்கா" என்பாள் கோகிலா. துணி மடிக்கும்போது சொல்வாள், கறிவேப்பிலை ஆயும்போது சொல்வாள். எனக்கும் அதே ஆசைதான். நான் வாய்விட்டுச் சொல்லமாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த லட்சியத்தோடு நாங்கள் போனது கம்யூனிட்டி சென்டரில் ஜும்பா டான்ஸ் கற்க. ஜும்பாவில் இடம் இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு ஜப்பானிய வாள் பயிற்சியில் மட்டும் நிறைய இடம் இருக்கிறது என்றாள். பரீட்சை உண்டு, தேறினால் சர்ட்டிபிகேட் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னாள். கோகிலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஃபில் பண்ணுங்க்கா" என்றாள்.

அதற்கு இயாய்டோ என்று பெயர். யாரோடும் சண்டை கிடையாது. இடுப்பில் இருக்கும் உறையிலிருந்து வாளை உருவ வேண்டும், எதிரே இல்லாத ஆளை வெட்ட வேண்டும், பிறகு குனிந்து பார்க்காமலே வாளை உறையில் திரும்பப் போட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதற்கு ஒரு ஆயுசு போதாதாம். வகுப்பில் எங்களைத் தவிர வால்டர் என்ற ரிட்டயர்டு பல் டாக்டரும் இன்னும் மூன்று பெரியவர்களும். சொல்லிக்கொடுத்த கேரலுக்கு என் வயதுதான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மத்தியானம் திரும்ப ஏற்றுவதற்குள் எங்களுக்கு வாள் வீசக் கற்றுத் தருவாள். நாங்கள் அவளை, குருவே என்கிற மாதிரி, சென்செய் என்று கூப்பிட வேண்டும். கோகிலா 'சென்செய்ங்க' என்று கூப்பிட்டாள். கேரல் அதுதான் சரியான ஜப்பானிய உச்சரிப்போ என்று கொஞ்ச நாள் சந்தேகத்தில் இருந்தாள்.

முதல் மாதங்களில் மரக்கத்தி. பரீட்சைக்கு உட்கார வேண்டுமென்றால் உறையோடு சொந்த வாள் வேண்டும் என்று கேரல் சொன்னதும்தான் வினை ஆரம்பமானது. அவளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்டர்நெட்டில் பார்த்தேன், வாங்கிவிட்டேன். சிவப்பு உறை, அதில் தங்கக் கலரில் ஒரு டிராகன், கூடவே இலவசமாக ஒரு ஸ்டாண்டு. கோகிலா அட்டையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "எவர்சில்வருங்க்கா! துருவே புடிக்காது" என்று மெச்சினாள்.

கேரல் அதைக் கையில் வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினாள். பிடிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. பிடியைக் கழற்றிக் காட்டினாள். நல்ல வாளில் தகடு அகலம் குறையாமல் பிடிக்குள் கடைசி வரைக்கும் இறங்கியிருக்கும், குறுக்கே மூங்கில் ஆணி அடித்திருக்கும். என் டிராகன் வாளுக்கு உள்ளே எலிவால் தடிமனில் ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு நட்டு. வீசினால் பிடி என் கையில் இருக்கும், மீதி வால்டர் மடியில் இருக்கும் என்றாள். வால்டர் எழுந்து போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். "இது சுவரில் மாட்டுவதற்கு. தயவுசெய்து போய்ச் சுவரில் மாட்டு" என்றாள் கேரல். மாட்டினேன். என் மாமியார் ஊரிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, யாருக்காக இது என்று கேட்டார்.

பிறகுதான் ஒழுங்காக வாள் தேடினோம். கூர் தீட்டாத வாள் போதும். துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்தது. பார்க்க நிஜம் போலவே பளபளக்கும், ஆனால் எதையும் வெட்டாது. மென்மையான உலோகம், அதனால் அதை வைத்து எதையும் அடிக்கவே கூடாது. இதைக் கேரல் மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் நாங்கள் தலையாட்டினோம்.

அதைவிட முக்கியம் நீளம். ஆளுக்குத் தகுந்த நீளம் வேண்டும். வாள் நீண்டுவிட்டால் உறையிலிருந்து நுனி வெளியே வராது, குட்டையானால் வெட்டு எட்டாது. கோகிலா தையல் டேப்பைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டு ஹாலில் கர்ட்டன் கம்பியை இடுப்பில் செருகி உருவி உருவிப் பார்த்தோம். நான் ஐந்தடி ஆறங்குலம். கல்யாண போட்டோவில் என் கணவர் ஏன் ஒரு படி மேலே நிற்கிறார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கோகிலா ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. கணக்குப் போட்டதில் என் வாளுக்கும் அவள் வாளுக்கும் மூன்று விரற்கடை வித்தியாசம் வந்தது. எடை, நடுவில் பிடித்தால் எந்தப் பக்கம் சாய்கிறது எல்லாம் கேரல் பார்த்துச் சொன்னாள். நான் இடதுகைக்காரி, எனக்கு வலது இடுப்பில் வைக்கிற மாதிரி வாள் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காதாம். வாள் எல்லோருக்கும் இடது இடுப்பில்தான், உருவுவது எல்லோருக்கும் வலது கைதான். சின்ன வயதில் இடது கையால் சாப்பிடாதே என்று நான் வாங்கிய அடியெல்லாம் கடைசியில் ஜப்பானியர்களுக்குத்தான் உதவியது.

பிடியில் சுற்றும் கயிற்றுக்கு என்ன கலர் என்று விற்பவர் போனில் கேட்டார். அங்கேதான் அரை நாள் போயிற்று.

"மயில்கழுத்துக் கலர் இருக்குதுங்களா?" என்றாள் கோகிலா. அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் முழிக்க, அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாக, கறுப்பு, நீலம், பழுப்பு என்றார். பார்டர் உண்டா என்று கேட்கச் சொல்லி என்னை முழங்கையால் இடித்தாள். நான் கேட்கவில்லை. எனக்கு நீலம், அவளுக்குப் பழுப்பு என்று முடிவாயிற்று.

ஜப்பானிலிருந்து செய்து வர மூன்று மாதம். அதற்குள் கோகிலாவின் கணவருக்கு ப்ராஜெக்ட் டெக்சாஸுக்கு மாறிவிட்டது. அங்கே ரவுண்ட் ராக் என்ற ஊரில் வீடு பார்த்தாயிற்று. பரீட்சை ஒரு சனிக்கிழமை, அவர்கள் டிரக்கில் சாமான் ஏற்றுவது அதற்கு மறுநாள். பரீட்சையில் இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். நாங்கள் ஒரு ஜோடி. "காயிதத்தை வாங்கி டாஷ்போர்டு மேல வெச்சுட்டுத்தான் போவேனுங்க்கா, டெக்சாஸ் வரைக்கும் வெச்சே போவேன்" என்றாள்.

வாள்கள் வந்து சேர்ந்தது சரஸ்வதி பூஜை வாரத்தில். பெட்டியைத் திறந்ததும் கிராம்பு வாசனை. வாளுக்குப் பூசும் எண்ணெயில் கிராம்பு இருக்கிறதாம். வீடு முழுக்கக் குஸ்கா வைத்த மாதிரி மணந்தது. அன்றைக்கு எங்கள் பூஜையில் மிக்சி, இரண்டு லேப்டாப், கத்தரிக்கோல், இரண்டு சாமுராய் வாள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். புனர்பூஜை முடித்து எடுக்கும்போது கோகிலா நெற்றியைச் சுருக்கினாள்.

"வண்டி வாங்குனா எலுமிச்சம்பழம் வெக்கறமில்லீங்க. வாளுக்கு வேண்டாமுங்களா?"

கேட்ட உடனே எனக்கு அது நியாயமாகப் பட்டது. சக்கரத்துக்கு நசுக்குவது என்றால் வாளுக்கு வெட்டுவதுதானே முறை? கூர் இல்லாத வாள்தான். போயும் போயும் ஓர் எலுமிச்சம்பழத்தையுமா வெட்டாது? கேரல் மூன்று தரம் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அவள் அடிக்கக் கூடாது என்றாளே தவிர, திருஷ்டி கழிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

மூத்தவள் என்பதால் என் வாளுக்குத்தான் முதல் திருஷ்டி. சமையலறை கிரானைட் மேல் பழத்தை வைத்தோம். "நீங்க வீடியோ புடிங்க்கா, நா வெட்டறேன்" என்று என் வாளை எடுத்துக்கொண்டாள். என் வாள் அவளுக்கு மூன்று விரற்கடை நீளம் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கையை ஓங்கினாள். பழத்துக்கு அந்தப் பக்கம் நுனி போய் கிரானைட் விளிம்பில் 'ணங்' என்று விழுந்தது. பழம் ஒரு கீறல்கூட இல்லாமல் உருண்டு கீழே விழுந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. வாள் கறிவேப்பிலைக் காம்பு போல லேசாக வளைந்திருந்தது.

நான் அழுதிருக்க வேண்டும். சிரித்தேன். அவள் முதலில் முகம் வெளுத்து நின்றாள், பிறகு அவளும் சிரித்தாள், இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் வாளை உறையில் போட்டுப் பார்த்தேன். நான்கு விரற்கடை மிச்சம் இருக்கும்போதே சிக்கிக்கொண்டது. அதற்கு மேல் போகவில்லை. அடுத்த இரண்டு நாளும் என் வாள் சோனா மசூரி அரிசி மூட்டைக்கு அடியில் படுத்திருந்தது. அரிசி மூட்டைதான் வளைந்தது.

சனிக்கிழமை அதே வளைந்த வாளோடு போனேன். உருவும்போதே தேய்த்துச் சத்தம் போடும், உறையில் சேராது, பெயிலாவது உறுதி. காகிதம் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஹாலில் எல்லோர் வாளும் சுவரோரம் வரிசையாக இருந்தது. கோகிலாதான் ஓடிப்போய் இரண்டையும் எடுத்துவந்தாள். வந்தனம் செய்து மண்டியிட்டோம். அதற்கப்புறம் பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது. இடுப்பில் செருகிக் குனிந்து பார்த்தால் என் கையில் பழுப்புக் கயிறு.

பக்கத்தில் கோகிலா நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் நீலக் கயிறு. உறை பின்னால் நீட்டிக்கொண்டு பின்வரிசையில் இருந்த வால்டர் முழங்காலைத் தொட்டது.

எனக்கு அந்தக் குட்டை வாள் வெண்ணெய் போல வந்தது, வெட்டியது, திரும்பப் போயிற்று. அவள் அந்த நீள வாளை உருவ இடுப்பைத் திருப்பி, தோளைத் தூக்கி, கிட்டத்தட்ட ஒரு காலில் நின்றாள். கிரைண்டரில் கல் மாட்டின மாதிரி ஒரு சத்தம். கடைசியில் உறையில் போடும்போது நான்கு விரற்கடை வெளியே நின்றது. அதோடே கம்பீரமாக ஒரு வணக்கம் போட்டாள். எனக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது.

கேரல் வந்து வாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "இது உன் வாள்தானா?"

"யெஸ்ங்க" என்றாள் கோகிலா.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எனக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. அதை இன்றைக்கு உங்களிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன். அடுத்த தரம் உனக்குப் பொருந்துகிற வாளாகப் பார்த்துக் கொண்டுவா என்று கேரல் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அடுத்த தரம் அவளுக்கு இல்லை என்பது கேரலுக்குத் தெரியாது.

பார்க்கிங் லாட்டில் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று.

"வளைச்சவ நானுங்க்கா. எனக்குக் காயிதம் எங்கியாச்சும் கெடைக்கும், போங்க. மொதல்ல உங்க பேரை ஒழுங்கா அடிச்சிருக்கறாங்களான்னு பாருங்க." ஒழுங்காக அடித்திருந்தார்கள். மேலே என் பெயர், கீழே யார் பெயரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிரக் கிளம்பும் அவசரத்தில் வாள்களை மாற்றிக்கொள்ளவும் மறந்துபோனோம்.

பிறகு எங்கள் விசாக்காரர்கள் சிலருக்கு வேலை பார்க்க அனுமதி வந்தது. எனக்கும் வந்தது, அவளுக்கும் வந்தது, இருவரும் வேலைக்குப் போக ஆரம்பித்தோம். கம்யூனிட்டி சென்டர் ஹாலில் இப்போது கோடு போட்டுப் பிக்கிள்பால் ஆடுகிறார்கள். கேரல் எங்கே போனாள் என்று தெரியவில்லை. அந்த அப்பார்ட்மென்ட்டைக் காலி செய்தபோது ஃப்ரிட்ஜை நகர்த்தினோம். பழம் அங்கேயே இருந்தது. கறுத்து, கல் மாதிரி, முழுசாக. துடைப்பத்தால் தள்ளிவிட்டேன்.

என் பீரோவில் இருக்கும் வாளை நான் உருவினால் குழந்தையின் பொம்மை மாதிரி இருக்கிறது. அவளிடம் இருப்பதோ அவளுக்கு நீளம், அதோடு கோணல். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நசுங்கிய பழத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை மூன்று வந்தது. 'மீட்டிங்ல இருக்கேனுங்க்கா, கூப்பிடறேன்' என்றும் வந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் அவளுக்கு மீட்டிங். அவள் இப்போது பதினெட்டுப் பேருக்கு மேனேஜர்.

தனியாகப் பெயர் போட்ட காகிதங்கள் இன்றைக்கு எங்கள் இருவரிடமும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் கூப்பிட்டால் எடுக்க அங்கே ஆளில்லை. அவள் கூப்பிட்டால் எடுக்க இங்கே நானும் இல்லை.