நிதானம் பொருத்திய சிலிண்டர்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘நிதானம்’. வேறு ஒர்க்‌ஷாப்பில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலைக்கு இவர் அரைநாள் எடுத்துக்கொள்வார். போல்ட்டைக் கழற்றுவார், துடைப்பார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகுதான் அடுத்த போல்ட். அவசரக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போவார்கள். அவர்களில் பாதிப் பேர் சில மாதங்களில் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். “வாங்க” என்பார் நிதானம். அதற்கு மேல் ஒரு வார்த்தை குத்திக்காட்ட மாட்டார்.

போனில் யாராவது “நிதானம் இருக்கா?” என்று கேட்டால், “எனக்கு இருக்கு, உங்களுக்குத்தான் இல்ல போல” என்பாள் அவர் மனைவி.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். அவர்கள் கதை தொடங்கியதே அங்கேதான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன நிதானத்துக்கு ஊசியைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. பயம் தணியட்டும் என்று டாக்டர் சிரிப்பு வாயு கொடுக்கச் சொன்னார். அவள்தான் மூக்கில் மாஸ்க்கைப் பொருத்தி, “மெதுவா மூச்சை இழுங்க, இன்னும் மெதுவா” என்றாள். தன்னிடம் ஒருவர் ‘மெதுவாக’ என்று சொன்னது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. தெளிவும் இல்லாமல் மயக்கமும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தவர், “உங்க கை கூலன்ட் மாதிரி ஜில்லுனு இருக்கு” என்று உளறித் தொலைத்தார். அவள் சிரித்த சிரிப்பில் டாக்டரே திரும்பிப் பார்த்து, “வாயுவை யாருக்கும்மா குடுத்த?” என்று கேட்டாராம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு ஒரு காரும் வந்து சேர்ந்தது. டாக்ஸி ஓட்டிய அவள் அப்பா விட்டுப்போன வெள்ளைக் கார். பின்சீட்டில் இருக்கிறவர் மடியில் வைத்திருக்கும் தண்ணீர் தளும்பக் கூடாது என்று ஆயுள் முழுக்க நடுவேகத்தைத் தாண்டாமல் அதை ஓட்டியவர் அவர். மகளும் அப்படியேதான் தினம் அதில் வேலைக்குப் போய் வந்தாள்.

ஒருநாள் திருப்பத்தில் சைக்கிளில் வந்தவர் ஒருவர் அவள் கண்ணில் படவேயில்லை. நூலிழையில் தப்பினார்கள். கண் டாக்டரிடம் போனார்கள். “நேரா பாக்கறது நல்லாவே இருக்கு. ஓரத்துப் பார்வைதான் சுருங்கிட்டு வருது. மருந்து போட்டா இன்னும் சுருங்காம பாத்துக்கலாம். ஆனா ரோட்ல வண்டி ஓட்டறதை இத்தோட விட்டுடுங்க” என்றார் டாக்டர்.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள். நிதானம்தான் அந்த ஆணியைத் தாண்டும்போதெல்லாம் சாவியை எடுத்துத் துடைத்து மாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் ஷெட்டில் ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது.”

“வாயு குடுக்காம நான் எப்போ சிரிச்சேன்?”

“எங்கப்பா காரை ஒரே ஒரு தடவை அடிவரைக்கும் மிதிச்சுப் பாக்கணும். ரோட்ல இல்ல, பந்தயத் தடத்துல. தம்பி விசாரிச்சுட்டான். நேர்ப்பாதை, பக்கத்துல வேற வண்டி இருக்காது. கண் டாக்டரும் அங்கேன்னா சரின்னுட்டார்.”

“மிதிச்சாலும் அது என்ன பெருசா ஓடிடப் போகுது? வீட்டுக்குப் போற கார்ம்மா அது.”

“அதான் உங்ககிட்ட வந்தேன். நைட்ரஸ் போட்டுக் குடுங்க.”

நிதானம் எழுந்து போய்க் கை கழுவினார். அன்றைக்குக் கை கழுவ ரொம்ப நேரம் பிடித்தது. எஞ்சினுக்குச் சட்டென்று வேகம் கூட்டும் அந்த நைட்ரஸ் வாயுவை எங்கோ அவசரமாகப் பொருத்திக்கொண்ட ஒரு எஞ்சின் முன்பொருமுறை அவர் கைக்கு வந்திருக்கிறது. பிஸ்டனில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த எஞ்சினுக்குப் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அன்று அவர் நினைவில் தைத்தது. இப்போது அங்கே உட்காரப் போவது இவள்.

“கேக்கறதுக்கு எனக்கே வெக்கமாத்தான் இருக்கு” என்றாள் அவர் முதுகைப் பார்த்து. “வேணாம்னா விட்டுடலாம்.”

“வேணாம்னு யார் சொன்னா?” என்றார். “நேரமாகும். அவ்வளவுதான்.”

மைத்துனன் குதித்துக்கொண்டு வந்தான். எங்கோ போய் நீல நிறச் சிலிண்டரும் குழாய்களும் அடங்கிய முழு செட்டையும் வாங்கி வந்துவிட்டான். “மாமா, பெரிய ஜெட்டா போடுங்க. அக்கா பறக்கணும்!”

ஜெட் என்பது வாயுவை அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் துண்டு; நடுவில் ஊசிமுனை போல ஒரு துளை. நிதானம் பெட்டியில் இருந்ததிலேயே சிறியதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். “உங்கக்கா பறந்தா போதாது மாப்ளே, இறங்கவும் செய்யணும்.”

அவள் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தாள். “எங்க கிளினிக்ல இருக்கற அதே வாயுவா இது?”

“அதேதான். ஆனா யாரும் மோந்து பாக்கக் கூடாதுன்னு இதுல கந்தக வாயு கலந்திருப்பாங்க. கிட்டப் போகாத.”

“நாங்க ஆக்சிஜன் சேர்க்காம இதை யாருக்கும் குடுக்க மாட்டோம். வெறுமனே குடுத்தா ஆள் போயிடும்.”

நிதானத்தின் முகம் மலர்ந்தது. “இங்கயும் அப்படித்தான். இந்த வாயு தானா எரியாது. எஞ்சினுக்குள்ள போனதும் நிறைய ஆக்சிஜனைக் குடுக்கும். அதுக்கு ஈடா பெட்ரோலும் கூடப் போகணும். போகலன்னா சூடு தாங்காம பிஸ்டன் உருகிடும்.”

“அப்போ நீங்களும் என் வேலைதான் செய்யறீங்க” என்றாள் அவள்.

முதலில் எஞ்சினுக்கு நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே காற்றை அழுத்துகிற பலமான கம்ப்ரஷன் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தது. அந்த டாக்ஸிக்காரரின் மென்மையான கால் எஞ்சினைக் குழந்தை மாதிரி காப்பாற்றி வைத்திருந்தது. பெட்ரோல் பம்ப்பைப் புதிதாக மாற்றினார். வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றுகிற ஸ்பார்க் பிளக்குகளைப் போட்டார். தீப்பொறி கொஞ்சம் தாமதமாக விழும்படி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார். டிக்கியில் இரும்புப் பட்டை வைத்துச் சிலிண்டரை முடுக்கி, அழுத்தம் மீறினால் வாயு வெளியே போய்விட ஒரு குழாயைக் காருக்கு அடிப்பக்கமாக இறக்கினார். குளிரில் அழுத்தம் குறைந்தால் சிலிண்டரைச் சூடேற்ற மின்சாரப் போர்வை ஒன்று வாங்கினார். “கேஸ் அடுப்புல காட்டினா ஆகாதா மாமா?” என்று கேட்ட மைத்துனனை அவர் பார்த்த பார்வையில் அவன் போர்வைப் பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டான்.

கடைசியாகக் காவல் வைத்தார். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஒழிய வாயு வராது. எஞ்சின் ஓரளவு வேகமெடுக்கும் வரை வராது. வேகம் எல்லை மீறினாலும் வாயு நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, பெட்ரோல் அழுத்தம் துளி குறைந்தாலும் வாயுவை அடைத்துவிடுகிற ஒரு சுவிட்ச்.

“இத்தனை பூட்டு போட்டா வாயு எப்பதான் வரும்?” என்று சிரித்தாள் மனைவி.

“வரவேண்டிய நேரத்துல வரும். சீட் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக் காட்டு. இன்னும் இறுக்கி.”

பந்தயத் தடத்தில் வெயில் கொளுத்தியது. வண்ணம் பூசிய கார்களுக்கு நடுவே வெள்ளைக் கார் தவறிப்போய் வந்த விருந்தாளி மாதிரி நின்றது. அங்கிருந்த டாக்டர் அவளைப் பரிசோதித்தார். ஹெல்மெட்டின் வார்பட்டையை நிதானம் மூன்று தரம் சரிபார்த்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. கார் கிளம்பியது. கியர் மாறியது. நிதானம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எஞ்சின் தொனி மாற வேண்டிய இடத்தில் மாறவில்லை. கார் எப்போதும் போல ஓடி, எப்போதும் போல அடுத்த முனையில் போய் நின்றது.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவள் முகம் வாடியிருந்தது. “ஒண்ணுமே வரலைங்க.”

“அந்தப் பெட்ரோல் சுவிட்ச்தான் மாமா வில்லன்!” என்று கத்தினான் மைத்துனன். “வயரை நேரா கொடுத்துடுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல தடத்தை மூடிடுவாங்க. ஒரே ஓட்டம்தானே, என்ன ஆகிடும்?”

நிதானத்தின் கண்ணுக்குள் அந்தப் பழைய பிஸ்டன் வந்துபோனது. “சுவிட்ச் பொய் சொல்லாது மாப்ளே. பெட்ரோல் பத்தலன்னு சொல்லுது. ஏன்னு பாக்கணும்.”

“அதுக்குள்ள மூடிட்டா?”

“மூடட்டும்.”

அவன் ஆதரவு தேடி அக்காவைப் பார்த்தான். அவள் ஒரு பழைய டயரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். “நீங்க மெதுவா பாருங்க” என்றாள் கணவனிடம். “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.” சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது, இருந்தாலும் சொன்னாள்.

அவர் காருக்கு அடியில் போனார். வரும்போது உள்ளங்கையில் பெட்ரோல் ஃபில்டர் இருந்தது. பழைய டேங்க்கின் துரு மாவு மாதிரி அதில் அப்பியிருந்தது. சாதாரணமாக ஓட்டும்போது தெரியாத அடைப்பு. புதுப் பம்ப்பைப் போட்டவர் அதற்குப் பெட்ரோல் அனுப்புகிற டேங்க்கை எட்டிப் பார்க்கவில்லை. “என் தப்பு” என்று உரக்கவே சொன்னார். “சுவிட்ச் இல்லன்னா இன்னிக்கு எஞ்சின் போயிருக்கும்.” மைத்துனன் புது ஃபில்டர் வாங்க ஓடினான். ஓடியது பிரயோஜனப்பட்டது, கடைசி வண்டியாக அவளை அனுமதித்தார்கள்.

இந்த முறை முதல் கியரில் பழைய டாக்ஸியாகவே கிளம்பியது. இரண்டாவது கியரில் கால் அடிவரை போனதும் அதன் குரல் மாறிற்று. முனகல் ஒரு கர்ஜனையாகத் திரண்டு, வெள்ளைக் கார் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போலப் பாய்ந்தது. நிதானத்தால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தட்டல் இல்லை, திணறல் இல்லை. ஒரே சீரான சத்தம். அது தூரத்தில் தேய்ந்து, கார் பிரேக் பிடித்து நின்ற பிறகுதான் மூச்சு விட்டார்.

அவள் திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“பயமா இருந்துச்சா?” என்று கேட்டார்.

“ஓரத்துல எதுவுமே தெரியல. யாருக்கும் தெரிஞ்சிருக்காது, அந்த வேகத்துல. நான் மட்டும் இல்ல… யாருக்குமே தெரியாதுல்ல?”

“யாருக்கும் தெரியாது” என்றார் நிதானம்.

ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். உருகிய புள்ளி ஒன்றுகூட இல்லை. சிலிண்டர் வால்வை இறுக மூடி, குழாயில் மிச்சமிருந்த வாயுவை வெளியேற்றினார். அது புஸ்ஸென்று வெண்புகையாகப் போவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு அவர் ஓட்டினார். மைத்துனன் பின்சீட்டில் தூங்கிவிட்டான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து, திட்டிவிட்டு, கடந்து போயின.

“இந்தப் பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்டாள் அவள், முன்னால் பார்த்தபடியே.

அதிகம் பேசிப் பழக்கமில்லாத மனிதர் கொஞ்சம் யோசித்தார். “ஒரு சலூன் இருக்கு. வாசல்ல ஒருத்தர் பேப்பரை மூஞ்சில போட்டுட்டுத் தூங்கறார்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு மஞ்ச வீடு. மாடியில துணி காயுது. ஒரு சட்டை காத்துல ஒரு கையை மட்டும் ஆட்டுது.”

“எந்தக் கையை?”

நிதானம் வண்டியை இன்னும் மெதுவாக்கினார், சரியாகப் பார்த்துச் சொல்வதற்காக.