லெந்து நாளில் ஒரு தேக்சா பிரியாணி

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒடுகத்தூர் மலையடிக்கு ஊழியத்துக்கென்று குடும்பமாகப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம். நான் ஐந்தாவதைத் தாண்டாதவன். நான் சொல்லச் சொல்ல என் மகள் ரூத் போனில் அடிக்கிறாள். பேச்சு கிளை விட்டால் அவள்தான் பிடித்து இழுக்க வேண்டும்.

போன வருடம் மாசிக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒடுகத்தூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். இருபது கிறிஸ்தவ வீடுகள், ஒரு பழைய ஓட்டுக் கோயில், அதை ஒட்டி உபதேசியாருக்கு ஒரு வீடு. அங்கே இருந்த உபதேசியார் வயதாகி மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் நிலைக்கவில்லை. “ஒரு ஞாயிறு வாங்க, நீங்க எங்கள பாருங்க, நாங்க உங்கள பாக்கறோம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தோல் ஷாப்பில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டிய எனக்கு ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று பல வருட ஆசை. என் மனைவி கலாதான் சரி என்று சொல்லவில்லை. அவள் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். வாசலுக்கே வேன் வரும், பி.எஃப். உண்டு, தீபாவளிக்கு போனஸ் உண்டு. ரூத்துக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். “பாத்துட்டு சொல்றேன்” என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பஸ் ஏறினேன். அவள் மாட்டேன் என்றால் போவதில்லை என்று ஜெபத்திலேயே சொல்லிவிட்டிருந்தேன்.

இத்தனைக்கும் ஆண்டவரை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே அவள்தான். அவளும் மிஷினில் உட்கார்ந்து தைத்த நாளில் பக்கத்து மிஷின் அக்கா தைத்துக்கொண்டே பாடுவாராம். லைன் நின்றால் பாட்டும் நின்றுவிடும். மிச்சப் பாட்டைக் கேட்கவென்று கலா அவர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். இழுத்துக்கொண்டு வர நான் போனேன். டீ கொடுத்தார்கள், பாயில் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை. ரூத் முறைக்கிறாள். பயணத்துக்கு வருகிறேன்.

கிளம்புகிற அன்று காலையில் பாஷா பாய் ஒரு தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தோல் ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த தோஸ்த். தேக்சாவில் ஆட்டுக்கறி பிரியாணி, தனியாக ஒரு தூக்கில் கத்திரிக்காய்.

“புது ஊருக்கு வெறும் கையோட போவாதடா. விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாடு முடிச்ச கையோட ஆக்கிட்டேன். நோன்பு வெச்சிருக்கறதால உப்பு பாக்கல. கம்மியா இருந்தா என்ன திட்டாத.”

பாய்க்கு நோன்பு என்பது எனக்குத் தெரியும். இன்னும் யாருக்கெல்லாம் நோன்பு என்று யோசிக்கவில்லை.

ஆம்பூரிலிருந்து மாதனூருக்கு டவுன் பஸ். கலாவுக்கும் ரூத்துக்கும் இலவசம், எனக்குப் பதினைந்து ரூபாய். கண்டக்டர் தேக்சாவைப் பார்த்தார்.

“இதுக்கு லக்கேஜ் போடணும்.”

“சாப்பாடுங்க.”

“சாப்பாடுன்னு மூக்கே சொல்லுது. ஒண்ணு டிக்கெட் எடு, இல்ல மூடிய தொற.”

லக்கேஜுக்கு இன்னொரு பதினைந்து கொடுத்தேன். மாதனூரில் இறங்கி ஒடுகத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். முக்கால் மணி நேரம்கூட நிற்க வேண்டியிருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பாலாறு. தண்ணீர் இல்லை, வெறும் மணல். ஆனால் அந்தப் பக்கம் போகப் போகத் தோல் வாடை குறைந்து மூக்கு லேசாகும். ரூத் ஜன்னலில் தலையை வைத்து மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஒடுகத்தூரிலிருந்து ஊருக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது. தேக்சா என் மடியில் வந்ததால் ஆட்டோக்காரர் அதற்குக் காசு கேட்கவில்லை.

கோயில் சாவி ஞானசுந்தரி அக்காவிடம் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். காலையில் பால் சொசைட்டியில் பால் அளந்துவிட்டு வந்து கோயில் மணி அடிப்பவர். ஆராதனை நன்றாக நடந்தது. நான் பேசினேன், கொஞ்சம் நீளமாகவே. முடிந்ததும் வேப்ப மரத்தடியில் பந்திக்கு உட்கார்ந்தார்கள். நான் பெருமையாகத் தேக்சா மூடியைத் திறந்தேன். ஒருவரும் இலையை நகர்த்தவில்லை.

“இன்னா தம்பி இது?” என்றார் ஞானசுந்தரி அக்கா.

“ஆம்பூர் பிரியாணிக்கா.”

“அது தெரியுது. இது லெந்து நாளாச்சே.”

அவர்களுடையது தலைமுறை தலைமுறையாக வந்த லூத்தரன் சபைப் பழக்கம். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின நாற்பது நாளும் கறி தொடமாட்டார்கள். எங்கள் ஆம்பூர் சபை புதுசு, அங்கே அந்தப் பழக்கமே கிடையாது. அது வேதத்தில் எங்கே இருக்கிறது என்று எங்கள் பாஸ்டர் கேட்பார். நானும் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்பதில் சேராது என்று சொல்ல எனக்கு வசனம், கணக்கு எல்லாம் தயாராக இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. கலா என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அவள் தேக்சாவை மூடினாள்.

“எங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லக்கா. தெரியாம கொண்டாந்துட்டோம்.”

அக்கா தூக்கை எட்டிப் பார்த்தார். “கத்திரிக்காயில கறி கிறி போடலியே?”

“இல்லக்கா.”

“அப்போ அத இப்டி குடு.”

அவர்கள் ஆக்கியிருந்த கேழ்வரகுக் களியும் பாய் வீட்டுக் கத்திரிக்காயும் அன்றைக்குச் சாப்பாடு. நானும் களிதான் சாப்பிட்டேன். பக்கத்திலேயே பிரியாணி மணத்துக்கொண்டிருந்தது. அது லேசான காரியம் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் கலாவும் ரூத்தும் தேக்சாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு எதிரில் இருந்த தென்னந்தோப்புக்குப் போனார்கள். தேங்காய் இறக்க வந்தவர்கள் நிழலில் இருந்தார்கள். மரத்தின் மேலே இருந்த ஒருவரும் வாசனைக்கு இறங்கிவிட்டார். ரூத் தேக்குமர இலையில் வைத்து வைத்துக் கொடுத்தாள். நான் வேலி ஓரம் நின்றேன்.

“இன்னா விசேஷம்க்கா? கல்யாணமா?” என்றார் ஒருவர்.

“விசேஷம் ஒண்ணும் இல்லண்ணா.”

“விசேஷம் இல்லாம பிரியாணி போடறீங்களா? ஓட்டு கேக்க வந்தீங்களா?”

கலா சிரித்தாள். “நாங்க இந்த ஊருக்கு குடி வர்றோம்ண்ணா. அந்தக் கோயில் வூடுதான்.”

மூன்று வருடமாக நான் கேட்டதற்கு வராத பதில் முன்பின் தெரியாத ஒரு தென்னை மரம் ஏறுகிறவருக்குக் கிடைத்தது. ரூத்தும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் ஞானசுந்தரி அக்கா வந்து நின்றிருந்தார். “போன தபா வந்த பிரதர் லெந்து தப்புன்னு அர நாளு பேசுனாரு. பேசிட்டு போய்ட்டாரு. நீ களி துன்ன. வூட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சி வெக்கறோம் தம்பி.”

சாயங்காலம், நோன்பு திறக்கிற நேரம் கழித்து, பாய்க்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“நானும் துன்னல, அவங்களும் துன்னல. யாருக்குடா ஆக்கினேன்? சரி, உப்பு?”

“கம்மின்னாங்க பாய்.”

“ஈஸ்டருக்கு மறுபடி ஆக்கறேன். அன்னிக்கி பாத்துட்டே அனுப்பறேன்.”

அனுப்பினார். உப்பு சரியாக இருந்தது.

இப்போது இங்கேதான் இருக்கிறோம். கலா நான்கு மிஷின் போட்டுப் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறாள். தைக்கும்போது பாட்டும் நடக்கும். கம்பெனி வேனை நினைத்து அவள் இரண்டொரு தடவை அழுததும் உண்டு. போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வீட்டில் எல்லோரும் மனதாரச் சரி என்று சொல்லும்வரை சாமான் கட்டாதீர்கள். போகிற ஊரில் என்றைக்கு என்ன சாப்பிடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைப் பார்க்க வருவதானால் ஒடுகத்தூரில் ஆட்டோ ஏறி உபதேசியார் வீடு என்று சொல்லாதீர்கள், யாருக்கும் தெரியாது. பிரியாணி வீடு என்றால் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.