கம்பம்மெட்டுப் பனிக்கொட்டகை

இங்கே வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஒரு பிள்ளை வரவில்லை என்றால், மற்ற பிள்ளைகள் ஒரே குரலில், "அவனுக்குப் பனி, டீச்சர்" என்பார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் மலை முழுக்கப் பனிதான். அதற்குள் புகுந்துதான் மற்ற பிள்ளைகளெல்லாம் வந்திருக்கிறார்கள். அவனுக்கு மட்டும் தனியாக என்ன பனி என்று நம் ஊர் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்கக்கூடியவளாகத்தான் இந்த மலைக்கு வந்தேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இந்த ஒரு சொல்லை எனக்குக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் தங்க இடம் கொடுத்து, கஞ்சி ஊற்றி, வாசலில் காவலும் போட்டது. என் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்க இவ்வளவு செலவு ஆவதில்லை.

அது ஐம்பத்தேழாம் வருஷம், மழை தொடங்கிய சமயம். கேரளம் என்று ஒரு ராஜ்யம் பிறந்து ஒரு வயதுகூட நிறையவில்லை. கப்பலில் வந்து சென்னையில் இறங்கியதாகப் பேசிக்கொண்ட ஆசியக் காய்ச்சல், ஊர் ஊராகப் பார்த்துவிட்டு என்னைப் போலவே மலையேறிக்கொண்டிருந்தது. எனக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை. கம்பத்தில் என் அண்ணன், ஏலக்காய் ஏற்றப் போகும் ஒரு லாரியில் டிரைவர் பக்கத்தில் என்னை உட்காரவைத்து அனுப்பினார். பாதி மலைக்கு மேல் சாலையே தெரியவில்லை. கம்பம்மெட்டில் எல்லைக்கு அந்தப் பக்கம், குடைக்குக் கீழே மேஜை போட்டு ஒரு சுகாதார அதிகாரி உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வி எனக்கு.

"பனியுண்டோ?"

புது ஊரில் மரியாதைக்கு வானிலை விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "ஆமா சார், பயங்கரமான பனி."

"எப்போ தொடங்ஙி?"

"பாதி மலை ஏறுனதுமே தொடங்கிட்டு."

"குளிருண்டோ?"

"பின்னே? பல்லு கிடுகிடுங்குது."

"கூடெ வந்நவர்க்கோ?"

"எல்லாருக்கும் ஒரே பனிதான் சார்."

டிரைவர் அரண்டுபோய், "டீச்சரம்மா, கொஞ்சம் வாய மூடுங்க!" என்று கத்தினார். பிறகு அதிகாரியிடம் மலையாளத்தில் தனக்குப் பனியே இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். இல்லை என்று சொல்கிறவனுக்குத்தான் இருக்கும் என்பது அதிகாரியின் அனுபவம். டிரைவரும் கிளீனரும் ஆண்கள் கொட்டகைக்குப் போனார்கள். என்னைப் பெண்கள் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். எதிர்ப்பட்ட நல்ல மனிதருக்குப் பதில் சொன்ன திருப்தியோடுதான் நான் நடந்தேன்.

ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை அது. சரக்கை எடுத்துவிட்டு எங்களைப் போட்டிருந்தார்கள். பினாயிலுக்கும் ஏலக்காய்க்கும் நடந்த சண்டையில் ஏலக்காய் ஜெயித்துக்கொண்டிருந்தது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையூரான கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த ஜெய்னம்பு அக்கா தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் ராவுத்தர், பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏலக்காய் வாங்கி அனுப்புகிறவர். கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு, மலைமேல் சரக்கெடுக்கப் போயிருந்த அவரோடு சேர்ந்துகொள்ள வரும் வழியில் அக்கா தும்மியிருக்கிறார். நான் என் கதையைச் சொன்னதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க டீச்சரு, பனின்னா இங்க காச்சலுங்க! ஊரு முச்சூடும் காச்சல்னு நீங்களே சாட்சி சொல்லிப்போட்டு வந்திருக்கறீங்க!"

சிரிக்காத ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் வேலைக்குப் போகும் அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். பெயர் பேச்சி. இங்கே வந்தபின் அவள் பேசி யாரும் கேட்டதில்லை என்றார் ஜெய்னம்பு அக்கா. எஸ்டேட் ஆட்கள் சொல்லித்தான் அவருக்குக் கதை தெரியும். கம்பத்தில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கைப்பிள்ளைக்கு உடம்பு கொதித்திருக்கிறது. தெரிந்தால் பிடித்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு, பனி இல்லை என்று சொல்லி மேஜையைத் தாண்டிவிட்டாள். அப்பால் இருந்த தேநீர்க் கடையில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கொட்டகைக்குத் தூக்கிவந்தும் நிற்கவில்லை. பின்னால் இருந்த சரிவிலேயே புதைத்தார்கள். பேச்சிக்கும் காய்ச்சல் வந்து போனது. உடம்பு தேறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மற்றது அவர்கள் கணக்கில் இல்லை.

ஆனால் எங்களைத் தைரியமாக வைத்திருக்க எல்லோரும் பாடுபட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. அதிகாரி காலையில் வாசலுக்கு வெளியே நின்று, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, பயப்படக் கூடாது என்று பிரசங்கம் செய்வார். எஸ்டேட் துரை, மனச்சோர்வுக்கு நல்லது என்று ஒரு கிராமபோன் பெட்டியும் அவர் ஊர் நடனப் பாட்டுகளும் அனுப்பினார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊதுகுழலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். எஸ்டேட் ஆட்கள் ஜன்னல் வழியாக மாரியம்மன் திருநீறும் வேப்பிலையும் நீட்டினார்கள். ராவுத்தர் ஓதிய தண்ணீர் அனுப்பினார். கூடவே பிரியாணியும் அனுப்பினார், அது எங்கள் மூன்று மதத்துக்கும் ஒத்துக்கொண்டது. மூன்றாவது மதம் நர்ஸ் ஏலிக்குட்டியுடையது. அவள் மூலையில் நின்று ஜெபமாலை உருட்டுவாள். நான் என் பங்குக்கு எல்லோர் தமிழையும் திருத்திக்கொண்டிருந்தேன். பயத்துக்கு ஆளுக்கொரு மருந்து கொண்டுவந்தோம். பேச்சிக்குப் பயம் இல்லை. பயப்பட என்ன மிச்சம் இருந்தது?

ஏலிக்குட்டிக்கு என் வயதுதான் இருக்கும். கஞ்சி கொண்டுவரும் போதெல்லாம் பேச்சியின் தோளைத் தொட்டு, "விஷமிக்கண்டா மோளே, விஷமிக்கண்டா" என்பாள். பேச்சியின் முதுகு விறைக்கும். கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கும். எஸ்டேட்டில் இருக்கிறவளாயிற்றே, மலையாளம் தெரியும் என்று ஜெய்னம்பு அக்கா நினைத்திருந்தார். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பக்கத்து வீடு, எதிர் வீடு, கங்காணி வீடு எல்லாம் தமிழ்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கோ பனி ஒன்று தெரிந்துவிட்டதால் மலையாளம் முடிந்துவிட்டது என்ற எண்ணம்.

ஒரு நாள் மத்தியானம் பேச்சி கஞ்சிக் கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தாள்.

"என்ன வெசமம் பண்ணுனேன் நானு? சொல்லுங்கடி! ஆமா, மூடித்தான் கொண்டாந்தேன். பொய்தான் சொன்னேன். பிள்ளையத் தனியாப் பிரிச்சுக் கொண்டுபோயிருவாகன்னு பயந்து சொன்னேன். பெத்தவ வேணும்னா கொல்லுவா? விடிஞ்சா வெசமம் பண்ணாத, பொழுதடைஞ்சா வெசமம் பண்ணாதங்கறாளே, இன்னும் என்ன வெசமம் பண்ண எங்கிட்ட என்ன இருக்கு?"

ஏலிக்குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. கைகளைக் கூப்பி, "அய்யோ, விஷமிக்கண்டா..." என்றாள். பேச்சி அவள் மேல் பாயப் போனாள். ஜெய்னம்பு அக்கா குறுக்கே விழுந்து பேச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அட கண்ணு, நில்லு! அது வேறயாக்கும். அவங்க பேச்சுல விஷமம்னா துக்கம். துக்கப்படாதே தாயின்னு தானுங்கம்மா அந்தப் புள்ள தெனமும் சொல்லிட்டு இருக்குது."

"துக்கமா?"

"ஆமா சாமி. துக்கந்தான்."

பேச்சி ஏலிக்குட்டியை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் அதையா சொன்ன நீ?" என்று தமிழில் கேட்டாள். ஏலிக்குட்டிக்கு அது மட்டும் எப்படியோ புரிந்து தலையாட்டினாள். அப்போதுதான் பேச்சி அழுதாள். பிள்ளையைப் புதைத்தபோதுகூட அழவில்லையாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, கம்பத்துப் பக்கத்து ஒப்பாரி அத்தனையும் சொல்லி அழுதாள். ஏலிக்குட்டி தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவளும் அழுதபடி சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார்: கீழே பாலா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து காடு வெட்டிக் கிழங்கு போட அவள் அப்பா இந்த மலைக்கு வந்தபோது, மலேரியாவில் இரண்டு தம்பிகளைப் பறிகொடுத்திருக்கிறாள். அவர்களும் இங்கேதான் ஏதோ ஒரு சரிவில் கிடக்கிறார்கள். அவள் ஊருக்கு நான் வந்திருக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளும் வந்தவள்தான். எனக்கு அம்பாசமுத்திரம் ஞாபகம் வந்தது. ஜெய்னம்பு அக்காவுக்கு யார் ஞாபகம் வந்ததோ, நான்கு பேரும் அழுதோம்.

சிறிது நேரத்தில் அதிகாரி பரிசோதனைக்கு வந்தார். மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்தார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, முகம் வீங்கி நான்கு பெண்கள். அதில் ஒருத்தி அவர் நர்ஸ். இரண்டடி பின்னால் போய், "எல்லார்க்கும் பனி!" என்று கூவி, எங்கள் காவலை இன்னும் ஒரு வாரம் நீட்டினார். ஏலிக்குட்டியையும் சேர்த்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். விளக்கம் சொல்லப்போன ஜெய்னம்பு அக்கா தும்மிவிட்டார். அந்தக் கலவரத்தில் பேச்சியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு, "கஞ்சி இருந்தாக் குடுங்க" என்றாள்.

அந்த ஒரு வாரம் கிராமபோன் பெட்டியை யாரும் திறக்கவில்லை. பேச்சி பிள்ளையைப் பற்றிப் பேசினாள், நாங்கள் கேட்டோம். சில நாள் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்போது எங்களில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அதே சுவரைப் பார்ப்பாள். அதற்கு மேல் எங்களுக்கும் வைத்தியம் தெரியாது.

வெளியே விட்டபோது பேச்சியின் புருஷன் வந்திருந்தான். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்து வரட்டும் என்று, கம்பத்துக்கு இறங்கும் ஜீப்பில் அவள் தகரப்பெட்டியை ஏற்றினான். பேச்சி ஏறவில்லை.

"பெட்டிய எறக்குங்க. பிள்ள இங்க கெடக்கு. நா அங்க போயி யாருக்கு ஒலை வைக்க?"

அவன் பெட்டியை இறக்கி எஸ்டேட் லாரியில் வைத்தான். ஏலிக்குட்டி கை கொடுத்து எங்களைத் தூக்கிவிட்டாள். பின்பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு பேச்சியும் நானும் அருகருகே உட்கார்ந்தோம். மேலே மழை. மலைக்குக் கீழே கம்பத்து வயல்களில் மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. லாரி கிளம்பியது. எங்கள் இரண்டு பேர் முகமும் கம்பத்தைப் பார்த்திருக்க, முதுகு எஸ்டேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.