சாகுபடி செய்பவர் பெயர்

நில மட்டம் பார்க்கிற அந்தக் கருவிக்குள் உலகம் தலைகீழாகத் தெரியும். வாய்க்கால் மேலே ஓடும், வானம் கீழே கிடக்கும், வரப்பில் போகிற மாடுகள் கால்களை மேலே வைத்துக்கொண்டு மெல்ல நகரும். முதல் தடவை கண்ணை வைத்தபோது, ஊர் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதா, நான்தான் இன்னும் தூக்கத்தில் இருக்கிறேனா என்று ஒரு கணம் புரியவில்லை. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எதிர் வரப்பில் நின்றவர் என் அப்பா. அவரும் தலைகீழாகத்தான் நின்றார். சிரித்த மாதிரி இருந்தது. தலைகீழாக நிற்கிற மனுஷர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று யார் கண்டது?

பழைய கருவி, அப்படித்தான் காட்டும் என்றான் கூட வந்த சிவில் இன்ஜினியரிங் மாணவன். அளவு மட்டும் தப்பாது என்றும் சொன்னான்.

நான் படித்தது எம்.ஏ. வரலாறு, தஞ்சாவூருக்கு வெளியே இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில். செத்தவங்க கதையைப் படிச்சு உசிரோட இருக்கிறவங்களுக்கு என்ன ஆகப்போகுது என்று அம்மா கேட்பாள். வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. படிப்பு முடிவதற்குள் கையில் ஒரு வேலை இருந்தால் சரி. இல்லாவிட்டால் வைகாசியில் மாமா மகனுக்கும் எனக்கும் கல்யாணம். மாமா மகன் நல்லவன்தான், யார் இல்லை என்றது? நல்லவன் என்பதற்காகக் கட்டிக்கொள்ள முடியுமா?

பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பெருகிப்போனார்கள் என்று அந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கும் ஞானம் பிறந்தது. வரலாறு, சிவில், புள்ளியியல் மூன்று துறைகளும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தன. துறைக்கு ஒருவராக மூன்று பேர் ஒரு குழு. ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் எப்படி வருகிறது, எந்த வயலில் யார் சாகுபடி செய்கிறார்கள் என்று ஆறு மாதத்தில் முழு வரைபடம் போட வேண்டும். முடிவில் வாய்க்கால் சீரமைப்புத் திட்டத்து அதிகாரிகள் வந்து நாங்கள் பேசுவதைக் கேட்பார்கள். அவர்களுக்குக் களப்பணிக்கு ஒரு ஆள் தேவை, அங்கேயே எடுப்பார்கள். இதில் ஒரு வினோத விதியும் இருந்தது. அன்றைக்கு யாரும் தன் சொந்தப் பாடத்தைப் பேசக்கூடாது, அடுத்தவர் செய்ததைத்தான் பேச வேண்டும்.

எங்கள் குழுவில் அந்த சிவில்காரன், நான், நாகூரிலிருந்து வந்த புள்ளியியல்காரி. கிராமம் என்னுடையது, நன்னிலம் பக்கம். முதல் நாள் பேருந்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவன் திரும்பிப் பார்த்தான். அந்த ஊர்ப் பெரிய வீடு அவன் தாத்தா கட்டியது. அவன் சென்னையில் வளர்ந்தவன். பெரியப்பா மட்டும் ஊரில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலத்தில் என் அப்பா குத்தகைக்காரர். அதற்குப் பிறகு திருவாரூர் வரை நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாக ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

எங்கள் ஊரில் வயலுக்காக அடிதடி, கோர்ட்டு, கொடி எல்லாம் நடந்து ஓய்ந்திருந்த காலம் அது. ஆட்சிகள் மாறி மாறி வந்தன. குத்தகைக்காரர் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் இருந்தது, சுவரெல்லாம் எழுதியும் வைத்திருந்தார்கள். துணிந்து பதிந்தவர்கள் சிலர். பதிந்தால் அடுத்த போகத்துக்கு வயல் இருக்காது என்று பயந்தவர்கள் நிறைய. அப்பா பயந்தவர்.

அந்த மார்கழியும் தையும் இப்போது நினைத்தால் நடந்ததா, கண்டதா என்றே தெரியவில்லை. பனி விலகுவதற்குள் வாய்க்காலோரம் நிற்போம். வயல் தண்ணீரில் மேகம் நின்றுகொண்டிருக்கும், அதை மிதிக்காமல் வரப்பில் நடப்போம். நாகூர்க்காரி நண்டுக்குப் பயந்து செருப்பைக் கையில் எடுக்க மாட்டாள், அதனாலேயே தினம் வழுக்கி விழுவாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அவன் எனக்கு மட்டக் கணக்கு சொல்லிக்கொடுத்தான். ஒருவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் பயிரைப் பற்றிக் கேள், ஆளைப் பற்றிக் கேட்காதே என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் அப்பாவை “வாங்க” என்று கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

மாசியில் ஒரு மதியம், எந்த வயலில் யார் சாகுபடி என்று நான் எழுதி வைத்த அட்டவணையை நாகூர்க்காரி கூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, உங்க ஊர்ல ஒரே ஒருத்தர்தான் விவசாயம் பண்றாரா? அதுவும் எழுபது வயசு தாண்டி? கில்லாடிதான் போ” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். சாகுபடி செய்பவர் என்ற கட்டத்தில் பெரிய வீட்டுக்காரர் பெயர். அடுத்த வயலுக்கும் அவர். அதற்கடுத்த வயலுக்கும் அவரே. நான் போய், இது யார் வயல் என்று கேட்டிருக்கிறேன். எல்லோரும் பெரிய வீட்டு வயல் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் வாயில் என் வயல் என்ற சொல் வந்ததே கிடையாது. என் அப்பா நடுகிற வயலுக்கும் என் கையெழுத்தில் பெரிய வீட்டுக்காரர் பெயர்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைக் கிழித்திருப்பேன், நாகூர்க்காரி பிடுங்கிக்கொண்டாள்.

மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை, போன சம்பாவுக்கு இதில் நடவு ஆள் விட்டது யார் என்று கேட்டேன். “நாந்தான், வேற யாரு வந்து விடுவா?” என்றார்கள், என்னமோ நான் பைத்தியக்காரி மாதிரி. ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டேன். அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். நானே அடித்துத் திருத்தினேன்.

யார் யாருடையதைப் பேசுவது என்று சீட்டுப் போட்டதில் அவனுடைய மட்டக் கணக்கு எனக்கு வந்தது, என் அட்டவணை அவனுக்குப் போனது. நாகூர்க்காரிக்கு மூவரும் சேர்ந்து போட்ட வரைபடம், அவள் கணக்கை நாங்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். நாலு நாள் கழித்து கேண்டீன் வாசலில் அவன் என்னை நிறுத்தினான். கையில் பழைய அட்டவணையும் இருந்தது, புதியதும் இருந்தது.

“அதிகாரிங்க வர்ற அன்னிக்குப் பெரியப்பாவும் வர்றாராம்” என்றான். “பேரெல்லாம் எழுதியாச்சுன்னு யாரோ சொல்லியிருக்காங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எதைப் படிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். பழசைப் படிச்சீங்கன்னா நான் அலைஞ்ச அலைச்சல் அவ்வளவும் வீண். வைகாசிக்குப் பத்திரிகை வைக்கிறேன், வந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அதிகாரிகள் வந்த அன்றைக்கு மட்டங்களை நான்தான் பேசினேன். எந்த இடத்தில் வாய்க்கால் மேடிட்டிருக்கிறது, எந்த வயலுக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று சொன்னேன். அதிகாரி ஒருவர் குறுக்கே கேட்டதற்கும் பதில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம். பிறகு அவன் எழுந்தான். முன்வரிசையில் பெரியப்பா. அவன் கையில் எந்தத் தாள் என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. அவன் படித்த முதல் வயலிலேயே நடுகிறவர் பெயர் வந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் எங்கள் வயல் இன்னும் வரவில்லை. அது வந்ததும் தாளிலிருந்து தலையைத் தூக்கினான்.

“இந்த வயல் எங்களுது. ஆனா எங்க வீட்ல யாரும் இதுல கால் வச்சதில்ல. நடுறது இவங்க அப்பா” என்று என் பக்கம் கைகாட்டி, அப்பாவின் பெயரைச் சொன்னான். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மற்ற குழுக்களின் பட்டியலில் எல்லாம் நிலக்காரர் பெயர்தானே இருக்கிறது, இது எப்படிக் கிடைத்தது என்று அதிகாரி கேட்டார். தான் கண்டுபிடித்ததாக அவன் சொல்லியிருக்கலாம்.

“நான் இல்ல சார். கேள்விய மாத்திக் கேட்டது இவங்க.”

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு ரொம்ப நாள் அவனைப் பெரிய வீட்டு வாசலில் ஏற்றவில்லை. அவனிடம் நன்றி என்று ஒரு வார்த்தை அன்றைக்கு நான் சொல்லவில்லை, திமிர். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

முதல் வேலையே பட்டியலை நேரில் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவது. முதல் ஊர் எங்கள் ஊர். ஜீப்பைப் பார்த்ததும் அப்பா எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உட்காருப்பா என்றேன். உட்காரவில்லை. ஜீப்பில் வந்த மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டியலைப் பிரித்தேன். இது யார் வயல் என்று பழக்கத்தில் கேட்கப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“போன சம்பாவுக்கு இதுல நடவு ஆள் விட்டது யாருங்க?”

அப்பா பெரிய வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“நாந்தான். எழுதிக்கங்க” என்றார். தன் பெயரைச் சொன்னார், தாத்தா பெயரையும் சேர்த்து. அவர் வாயால் அவர் பெயரை அதுவரை நான் கேட்டதே இல்லை. எனக்கு எழுத்து ஓடவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, இன்னொரு தடவை, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.