புங்கமரத்தடியில் கூடவும்

என் மகள் வேலை பார்க்கும் ஜப்பான் நகரத்தில் ஒரு நாள் பூமி ஆடியது. டி.வி.யின் அடியில் செய்தி ஓடியதிலிருந்து அவள் குரலைக் கேட்கும்வரை நான்கு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரங்களையும் கழுவிவிட்டு, கழுவியதையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் எனக்குக் கைக்கு வேலை வேண்டும். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாக போன் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேம்மா. இங்க எல்லாருக்கும் பிளான் இருக்கு. எங்க போய் நிக்கணும், பையில என்னா இருக்கணும், எல்லாம் முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க. அங்க உங்களுக்கு என்னா இருக்கு?" என்றாள்.

"நமக்கு மலை இருக்கு" என்றார் இவர், பக்கத்திலிருந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலை இருந்தால் பாறை உருளாதா? சுவர் விரியாதா? மலையே சாமி என்கிற இந்த ஊரில் எதைக் கேட்டாலும் மலையைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் முப்பது வருஷமாக அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவள். எழுத்தில் இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. அன்றைக்கே உட்கார்ந்து திட்டம் போட்டேன்.

பீரோவைச் சுவரோடு சேர்த்து ஆணி அடிக்கச் சொன்னேன். கட்டிலுக்கு மேலே பரண்மீது இருந்த பித்தளை அண்டாவை இறக்கினேன். ஒரு முதுகுப்பையில் டார்ச், தண்ணீர், டம்ளர், பத்திர நகல்கள், அவருடைய சர்க்கரை மாத்திரை, ஒரு குளுக்கோஸ் டப்பா, கடலை உருண்டை ஒரு பாக்கெட். உருண்டை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற மனுஷர், கடலை உருண்டையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? சர்க்கரை வியாதிக்காரர் வேறு. "பூமி ஆடினா சாப்பிட வச்சது இது" என்று கத்தினேன். "எனக்கு லேசா ஆடின மாதிரிதான் இருந்துது" என்றார்.

அடுத்து, எங்கே கூடுவது? கோயில் பக்கம் வேண்டாம், அத்தனை உயரக் கோபுரம். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் மாடி வீடு, தலைக்கு மேலே மின்கம்பி. கடைசியில் ஈசான்ய லிங்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு காலி மனை கிடைத்தது. நடுவில் ஒரு புங்கமரம், அதன் கீழே உட்கார ஒரு கல், எதிரே ரோட்டைத் தாண்டி ஓர் இட்லிக் கடை. மலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை அதை ஒட்டித்தான் போகிறது. வாரா வாரம் திங்கட்கிழமை இவர் கிரிவலத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் அங்கேதான். மகள் ஊரில் பூமி ஆடிய அன்று நேர்ந்துகொண்டாராம், அவள் திரும்பி வரும்வரை வாரம் ஒரு சுற்று என்று. என்னிடம் சொன்னதே ஒரு மாதம் கழித்துத்தான்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் சுற்றறிக்கை மாதிரி எழுதினேன். நில அதிர்வு உணரப்பட்டவுடன் குடும்பத்தினர் புங்கமரத்தடியில் கூடவும். பையை வீட்டில் இருப்பவர் எடுத்து வரவும். முதலில் வந்தவர், மற்றவர் வரும்வரை எக்காரணம் கொண்டும் இடத்தை விட்டு நகரக் கூடாது. இந்தக் கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டேன். 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

"நீ போடலியா?"

"நான் போட்ட உத்தரவுக்கு நானே எதுக்குங்க கையெழுத்து போடணும்?"

சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். நான் தாளை லேமினேட் செய்து அரிசி டப்பாவுக்கு மேலே மாட்டினேன்.

அதற்குப் பிறகு பல மாதம் எதுவும் நடக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, நாலரை மணிக்கு மாத்திரையைப் போட்டு டீயைக் குடித்துவிட்டு இவர் கிளம்பிப் போனார். வெறுங்கால், வேட்டி, தோளில் துண்டு. கிரிவலத்துக்கு போன் எடுத்துப் போகமாட்டார். ஆறு மணிக்கு நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். ஷெல்ஃபில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. காலுக்குக் கீழே லாரி போகிற மாதிரி இருந்தது. தெருவில் லாரி இல்லை. இரண்டு மூன்று மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன, ஜனங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. தெருவே என்ன செய்வதென்று தெரியாமல் மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் கேஸை மூடி, பையை மாட்டி, ஸ்கூட்டரை எடுத்துப் பத்து நிமிஷத்தில் புங்கமரத்தடியில் இருந்தேன். இட்லிக் கடை பூட்டிக் கிடந்தது.

கணக்குப் போட்டேன். ஐந்தேகாலுக்கு இங்கிருந்து கிளம்பியிருந்தால், ஆறு மணிக்குப் பெரிய கோயிலைத் தாண்டி அக்னி லிங்கம் பக்கம் போயிருப்பார். அங்கிருந்து திரும்பி வர முக்கால் மணி நேரம். கூட்டம், குழப்பம் என்று பார்த்தாலும் ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும்.

ஏழு ஆயிற்று. மகள் போனில் கிடைத்தாள். "அப்பா வந்துட்டாரா?" "வருவாரு." "நீ அங்கயே இரும்மா. நகராத. ரெண்டு பேரும் தேடிக்கிட்டே சுத்தினா ரெண்டு பேரும் கெடைக்கமாட்டீங்க. அதுக்குத்தான் ரூலே." "எனக்கே சொல்றியா? எழுதினவ நான்டி" என்றேன்.

ஏழரை. கல்லில் உட்கார்ந்தேன், எழுந்தேன். மரத்தைச் சுற்றி வந்தேன். போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி, வெள்ளை வேட்டி, நீலத் துண்டு, முன்வழுக்கை என்று கேட்டேன். அந்தப் பாதையில் போகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளை வேட்டிதான். ஓடுகிற கூட்டத்தில் கீழே விழுந்திருப்பாரோ? சர்க்கரை இறங்கி எங்கேயாவது மயங்கிக் கிடப்பாரோ? இரண்டு கோடு போட்ட அந்த வரி எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. எட்டு மணிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பை என் முதுகிலேயே இருந்தது.

அவர் திரும்பி வரும் வழியில்தானே இருப்பார் என்று கோயில் பக்கமாகவே போனேன். கிழக்குக் கோபுரத்து எதிரே பூக்காரம்மாவைக் கேட்டேன். அக்னி லிங்கம்வரை போனேன். அங்கேயும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அவசரப் பிரிவில் எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை என்றார்கள். அப்போதும் மனசு ஆறவில்லை. அழுகை வந்தது, வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன். வீட்டுக்கு ஓடினேன், பூட்டு பூட்டியபடி இருந்தது. மறுபடியும் கோயில், மறுபடியும் வீடு. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ஆளின் முகத்து மச்சம் வலது பக்கமா இடது பக்கமா என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. காணவில்லை என்று போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால் அடையாளம் என்று எதை எழுதுவேன்?

ஒன்பதேகாலுக்குத்தான், போக வேறு இடம் இல்லாமல், புங்கமரத்துக்கு வந்தேன்.

கல்லில் உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டி, வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. கை இரண்டும் முழங்கால்மீது ஆடிக்கொண்டிருந்தன. முகம் வெளுத்திருந்தது. பையைத் திறந்து குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். இரண்டாவது டம்ளரில்தான் அவர் கண்ணுக்கு நான் தெரிந்தேன்.

"வந்துட்டியா" என்றார்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? அக்னி லிங்கத்துல இருந்து திரும்பியிருந்தா ஏழு மணிக்கு வந்திருக்கலாமே!"

"வலம் போறப்போ எப்படித் திரும்புறது?" என்றார், என்னைத்தான் புரியாதவளாகப் பார்த்து. "அதுவும் அவளுக்காக நடக்கிறது. பூமி ஆடுதுனு இங்க நான் பாதியில திரும்பினா, அங்க அவளுக்கு இன்னா ஆகும்? இந்த ரோட்டுல முன்னால போனாலும் இங்கதான வரப்போறேன். நீ காத்திருப்பியேனு வேகமா வந்தேன். எப்பவும் செங்கம் ரோட்டுல பன்னு சாப்பிடுவேன், இன்னிக்கு அதுக்குக்கூட நிக்கல."

முக்கால் மணி நேரத்து வழியை விட்டுவிட்டு, மீதி மலையை வெறுங்காலோடு, வெறும் வயிற்றோடு, மூன்று மணி நேரத்துக்குள் சுற்றி வந்திருக்கிறார். திட்டத்தில் எங்கேயும் நான் எழுதவில்லை, எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று. கிரிவலம் போகிற ஆளை வைத்துக்கொண்டு அதை எழுதாமல் விட்டவள் நான்தான்.

"எப்ப வந்தீங்க?"

"அரை மணி ஜாஸ்தியே ஆயிருக்கும்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். இட்லிக் கடை திறந்திருந்தது. நான்கைந்து பேர் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது அடிகூட இருக்காது.

"கை ஆடுது, கண்ணு இருட்டுது. எதிர்ல கடை இருக்கு. போய் ரெண்டு இட்லி சாப்பிட்டா என்னாங்க? கடைக்காரரையாவது ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே!"

"நான் அந்தாண்ட போற நேரத்துல நீ வந்து, என்னைக் காணோம்னு போயிட்டினா?" என்றார். "கூப்பிட்டேன். குரல் எழும்பல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். அவர் இட்லி கேட்டார். வாங்கி வந்து ஊட்டினேன், கை நின்றதும் அவரே சாப்பிட்டார். ஆடியது சின்ன அதிர்வுதான், ஒரு சுவர்கூட விழவில்லை என்று கடையில் பேசிக்கொண்டார்கள். மகள் போன் செய்தாள். "அப்பா வந்துட்டாரும்மா" என்றேன். "பாத்தியா, நகராம இருந்ததாலதான்" என்றாள். நான் பேச்சை மாற்றினேன். இவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, இட்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குளித்தார், தூங்கினார், சாயங்காலம் எழுந்தார். நான் அரிசி டப்பாவுக்கு மேலிருந்த தாளை எடுத்து, 'கிரிவலம் சென்றவருக்காக நான்கு மணி நேரம் காத்திருக்கவும்' என்று அடியில் சேர்க்கப் பார்த்தேன். லேமினேட் செய்த தாளில் சாதாரணப் பேனா எழுதவில்லை. அவர் எழுந்து போய், நெல் மூட்டையில் பெயர் எழுதுகிற மார்க்கரைக் கொண்டுவந்து நீட்டினார்.

எழுதி முடித்துத் தாளை மாட்டப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, தன்னுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டினார்.

"படிச்சுட்டுப் போடு" என்றார்.